மன அழுத்த மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? அட்டையைப் பிரிக்கும் முன் இதைப் படியுங்கள்

முதல் வேலை, சீட்டை எழுத்தெழுத்தாகப் படிப்பது. பல சீட்டுகளில் இரண்டு மாத்திரை இருக்கும். ஒன்று எஸ்சிட்டாலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூக்செட்டின் இந்த வகையில் ஏதாவது, அதுதான் மன அழுத்தத்துக்கான மருந்து. கூடவே இருப்பது பெரும்பாலும் குளோனசெபாம், படபடப்பு அடங்கித் தூக்கம் வருவதற்காக ஆரம்பத்தில் கொஞ்ச நாளைக்கு மட்டும் தருவது. குளோனசெபாம் போட்ட ராத்திரியே தூங்க வைத்துவிடும். மன அழுத்த மருந்து வேலையைத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய 6, 8 வாரம்கூட ஆகலாம். அதனால் நம்ம ஊர்க்காரர்கள் பத்தாம் நாள் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: "காலைல போடுறது ஒண்ணும் பண்ணல, ராத்திரி போடுறதுதான் நல்லா கேக்குது." மன அழுத்த மருந்தை நிறுத்திவிட்டு குளோனசெபாமை மட்டும் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். நடக்க வேண்டியது நேர் எதிர். உடம்பு பழகி விடமுடியாமல் போவது குளோனசெபாமில்தான், அதையும் டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டும், தலை வலிக்கும், வயிறு கலங்கும், தூக்கம் கெடும் அல்லது பகலிலும் கண் சொருகும். பெரும்பாலானவர்களுக்கு இது தானாகவே குறைந்துவிடும். களியோ இட்லியோ, எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குமட்டல் அவ்வளவாக இருக்காது. ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை என்றால் அதை டாக்டரிடம் சொல்லி, நைட் ஷிப்ட் வாரத்தில் எந்த நேரம் போடுவது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வேளை மாத்திரையை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். மருந்து உங்களை என்ன செய்கிறது என்று தெரியும்வரை வண்டி ஓட்டுவதில் கவனம், அதுவும் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரியில் தொப்பூர் கணவாய் இறங்குகிறவர்கள் அந்த சில நாள் வேறு ஆளை ஓட்டச் சொல்வதுதான் சரி.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும், குறிப்பாக 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, இருப்புக்கொள்ளாத தவிப்பும் சாகவேண்டும் என்ற எண்ணமும் கூடலாம். நிலைகொள்ளாமல் நடந்துகொண்டே இருக்கிறார், திடீரென்று எல்லாரிடமும் விடைபெறுகிற மாதிரி பேசுகிறார் என்றால் அடுத்த ஓ.பி. நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். இதற்கு நேர்மாறாக, தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், கண்டபடி செலவு என்று மாறினாலும் டாக்டருக்கு உடனே தெரியவேண்டும், சிலருக்கு மருந்தையே மாற்ற வேண்டிவரும். மாத்திரை இன்னொருவர் பொறுப்பில் பூட்டி இருக்கட்டும். அமிட்ரிப்டிலின் மாதிரியான பழைய மருந்துகள் அளவு மீறினால் இதயத்தைப் பாதிக்கும். விவசாய வீடு என்றால் பூச்சிமருந்தையும் வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோய்ப் பூட்டுங்கள்.

அடுத்து, கலப்பு. உடம்பு வலி என்று மெடிக்கலில் நின்று "ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று கேட்கும் பழக்கம் இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். அந்த செட்டில் டைக்லோஃபெனாக் இருந்தால் இந்த மருந்தோடு சேர்ந்து வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். டிரமடால் என்ற வலி மாத்திரையும், டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருக்கும் இருமல் மருந்தும் வேறு வகையில் ஆபத்து: காய்ச்சல், கொட்டும் வியர்வை, கைகால் நடுக்கம், உடம்பு விறைப்பு, குழப்பம் எல்லாம் சேர்ந்து வந்தால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பெயர் எழுதாத பொடி, லேகியம் எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள், டாக்டர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். குடி வேண்டவே வேண்டாம். இந்த மருந்தால் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்துபோகலாம், பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சுலபமாக. தாத்தா ஆள் மாற்றிப் பேசுகிறார், தள்ளாடுகிறார் என்றால் வயசு என்று விட்டுவிடாமல் ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

நிறைய பேர் சறுக்குவது நிறுத்துகிற இடத்தில். மனசு தெளிந்ததும் "அதான் நல்லாயிடுச்சே" என்று ஒரே நாளில் விட்டுவிடுவது. நன்றாக ஆன பிறகும் குறைந்தது 6 மாதமாவது சாப்பிடச் சொல்வார்கள், முன்பே ஒருமுறை வந்து போயிருந்தால் இன்னும் கூடுதல் காலம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, சில வாரமோ அதற்கு மேலோ எடுத்துக் குறைப்பார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு எல்லாம் வரும். பரோக்செட்டின், வென்லாஃபாக்சின் சாப்பிடுகிறவர்களுக்கு அதிகம். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: நிறுத்திய ஓரிரு நாளில் இப்படி வந்தால் அநேகமாக அது திடீரென்று விட்டதால் வருவது, பழைய சோகம் வாரக்கணக்கில் மெல்லத் திரும்பினால் அது நோய். எதுவானாலும் டாக்டரிடம் போக வேண்டியதுதான். கர்ப்பம் என்று தெரிந்தாலும் பயந்துபோய் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருந்தைத் தொடர்வதா மாற்றுவதா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மாத்திரை தீர்ந்துபோய் நிற்பதும் நிறுத்துவதும் உடம்புக்கு ஒன்றுதான். கடைசி அட்டையைப் பிரிக்கும்போதே அடுத்ததற்குக் கிளம்புங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரைக்குக் காசு இல்லை. அரூர், பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள், மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்துக்கொண்டால் பஸ் செலவும் மிச்சம். ஓசூர்க்காரர்கள் பலர் பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற பெரிய மனநல மருத்துவமனைக்குப் போவார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு இங்கேயே தொடர முடியுமா என்று கேளுங்கள். அட்டையின் நிறமும் கம்பெனி பெயரும் மாறும், அதனால் மருந்தின் பெயரையும் மி.கி. அளவையும் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். நடுராத்திரி பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒன்று, யாரும் வாய்விட்டுக் கேட்காதது. இந்த மாத்திரைகளில் பல, தாம்பத்திய ஆசையைக் குறைக்கும், ஆண்களுக்கு விந்து வரத் தாமதமாகும், பெண்களுக்கும் உச்சம் எட்டாமல் போகலாம். வெட்கப்பட்டுச் சத்தமில்லாமல் மாத்திரையை விட்டவர்கள் நிறைய. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், வழி இருக்கிறது. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஓ.பி. நோட்டுக்குள் வைத்து நீட்டுங்கள்.