இரட்டை இறக்கை விமானத்துக்குத் துணி போர்த்துவது எப்படி?

கோவையில் ஒரு பட்டறையில் நண்பர்கள் சேர்ந்து ஸ்டீன் ஸ்கைபோல்ட் என்ற இரட்டை இறக்கை விமானத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் டென்வர் பள்ளியொன்றில் பட்டறை வேலை சொல்லிக்கொடுத்த லமார் ஸ்டீன் வரைந்தது, 1970இல் முதலில் பறந்தது. பார்க்கப் பழைய காலத்து விமானம், ஆனால் குட்டிக்கரணம் அடிக்கவே வடிவமைத்தது. உடல் எஃகுக் குழாய், இறக்கை மரம், மேலே துணி. மர வேலையும் வார்னிஷும் முடிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு நேராகத் துணிக்கு வருகிறேன்.

முதலில் துணி. விமானத்துக்கென்றே விற்கும் செக்கோனைட் மாதிரி பாலியெஸ்டர்தான் வேண்டும். திருப்பூரில் கிடைக்காத பாலியெஸ்டரா என்று பலரும் கேட்கிறார்கள். சட்டைத் துணியை ஸ்டெண்டர் என்ற இயந்திரத்தில் இழுத்துப் பிடித்துச் சூடு காட்டி ஏற்கெனவே சுருக்கம் எடுத்துவிடுவார்கள், அது நம் சட்டத்தின் மேல் இறுகாது. விமானத் துணியில் அந்தச் சுருக்கத்தை நமக்காக மிச்சம் வைத்திருக்கிறார்கள்.

அடுத்து, ரிப்புகளை, அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் விலா மாதிரியான மரச் சட்டங்களை, நாடாவால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கட்டுங்கள். துணி இறுகும்போது ரிப் பக்கவாட்டில் வளையக்கூடாது. அப்புறம் துணியை விரித்து ஓரங்களில் பசை. லேசான தொய்வு இருந்தால் பரவாயில்லை.

இனிதான் எங்களை அதிக நாள் நிறுத்தி வைத்த இடம்: இஸ்திரிப் பெட்டி. துணியை முதலில் 121 டிகிரி செல்சியஸில் சுருக்க வேண்டும், கடைசி இறுக்கம் 177இல். அதைத் தாண்டினால் இறுகின துணி தளர ஆரம்பிக்கும், மறுபடி தேய்த்தாலும் திரும்பாது. இன்னும் ஏறினால் உருகும். பெட்டியின் திருகில் இருக்கும் 'காட்டன்', 'சில்க்' குறிகளை வைத்து இதைச் செய்யவே முடியாது. தெர்மோகப்பிள் வயர் (முனை தொடும் இடத்தின் வெப்பத்தை அளக்கும் கம்பி) வரும் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். பெட்டியின் அடித்தட்டில் சூட்டை நன்றாகக் கடத்தும் ஹீட்சிங்க் பேஸ்ட் துளி வைத்து வயர் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணைப் பாருங்கள். சூடு ஏறும், தானாக அணையும், இறங்கும், மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கம் சில பெட்டிகளில் அதிகம், அதனால் உச்சத்தில் எவ்வளவு காட்டுகிறது என்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். திருகில் இரண்டு வெப்பத்துக்கும் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் "ஸ்டீம் இருக்குதுங்க, நல்லா தேயும்" என்று எடுத்துக் கொடுப்பார்கள். வேண்டாம். துளை இல்லாத, வழுவழுப்பான அடித்தட்டு உள்ள சாதாரணப் பெட்டியே என் தேர்வு. ஹாட் ஏர் கன் பக்கமே போகாதீர்கள், எந்த இடத்தில் எவ்வளவு சூடு விழுந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

சரி, சுருக்கும்போது மேல் பக்கம் முழுவதையும் 177க்குக் கொண்டுபோய்விட்டுக் கீழ்ப் பக்கத்துக்கு வராதீர்கள், இறக்கை முறுக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் 121 முடித்து, பிறகு இரண்டு பக்கமும் 177. விரலால் சுண்டினால் பறை மாதிரி ஒலிக்க வேண்டும்.

அப்புறம் துணியின் மேல் பூசும் முதல் கோட்டிங், அது காய்ந்ததும் ரிப் தையல். நேராகப் பறக்கையில் மேல்துணியைக் காற்று மேலே இழுக்கிறது. தலைகீழாகப் பறக்கையில் அதே இழுப்பு கீழ்த்துணிக்கு வருகிறது. பசையை மட்டும் நம்பி இதை விட முடியாது. ரிப்பின் மேல் பட்டை ஒட்டி, மெழுகு நூலால் ரிப்பைச் சுற்றிக் குத்தி எடுத்து முடிச்சுப் போடுங்கள். தையலுக்குத் தையல் இடைவெளியைப் பிளானில் உள்ளபடியே வையுங்கள். புரொபெல்லர் காற்று அடிக்கும் பகுதியில் நெருக்கமாக வரும்.

பின்சேர்க்கை: பெட்டியின் சூட்டைப் பார்க்க, தொடாமலே வெப்பம் அளக்கும் இன்ஃப்ராரெட் கன் போதாதா என்று கேட்டிருந்தார்கள். பளபளப்பான உலோகத்தில் அது குறைவாகக் காட்டும். 150 என்று அது காட்டும்போது தட்டு உண்மையில் 177ஐத் தாண்டியிருக்கலாம், துணி போய்விடும். தெர்மோகப்பிளே வையுங்கள்.

இன்னொன்று, ஆடியில் கோட்டிங் அடிக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று பட்டறைக் கதவைச் சாத்தினாலும் புழுதியைக் கொண்டுவந்து ஈரத்தில் ஒட்டிவிடும். அந்த மாதத்தில் ரிப் தையலை வைத்துக்கொள்ளுங்கள்.