காலண்டரில் மூன்று எழுத்து

மாதவிடாய் நிற்கப்போகிற நாற்பது சொச்ச வயதில் காரணமே இல்லாமல் எரிச்சல் வருகிறதா, குக்கர் விசிலுக்கே அழுகை முட்டுகிறதா? சமையலறைக் காலண்டரை எடுங்கள். தினமும் காலையில் முந்தைய நாளின் கட்டத்தில் குறியுங்கள்: இரவு தூக்கம் கெட்டிருந்தால் ‘தூ’, உடம்பு குப்பென்று சூடாகி வியர்த்திருந்தால் ‘வி’, மனசு சரியில்லாமல் இருந்திருந்தால் ‘ம’. மாதவிலக்கு வந்த நாளுக்கு ஒரு வட்டம். வீட்டில் யாருக்கும் புரியாது, அதுவும் ஒரு வசதிதான்.

இரண்டு மாதம் போனதும் பாருங்கள், பலருக்கு ‘தூ’வுக்கு மறுநாள்தான் ‘ம’ விழுந்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் தாறுமாறாக ஏறி இறங்குவதால் இரவில் வியர்க்கிறது, தூக்கம் போகிறது, பகலில் கோபம் வருகிறது. அப்படியானால் முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். சாயங்கால ஃபில்டர் காபியை விட்டுப் பாருங்கள் (பெங்களூரின் அல்சூர், மல்லேஸ்வரம் வீடுகளில் இது லேசான காரியமில்லை!). பெங்களூரு குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக மூட வேண்டாம். கனத்த ரஜாய்க்குப் பதில் மெல்லிய போர்வை இரண்டு வைத்துக்கொண்டால், வியர்க்கும்போது ஒன்றைத் தள்ளிவிடலாம்.

அப்புறம் அந்தத் தாளை அப்படியே மகளிர் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். அவை சரியில்லாவிட்டாலும் இதே சோர்வும் எரிச்சலும் வரும். இரண்டு வாரம் விடாமல் ‘ம’ விழுந்தால் காத்திருக்காதீர்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அன்றைக்கே கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். பெங்களூரு ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் இருக்கிறது.