இந்தியன் ஸ்பிட்ஸ் வளர்ப்பு: அடர்ந்த ரோமமும் நம் ஊர் வெயிலும்

தமிழ்நாட்டு வீடுகளில் பொமரேனியன் என்று வளர்க்கப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் இனத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஸ்பிட்ஸ் நாய்களின் வழிவந்த இவ்வினம், அயல்நாட்டு நாய்களை இறக்குமதி செய்வது கடினமாக இருந்த 1980, 90களில் நகரங்களில் பெருகியது. அசல் பொமரேனியன் 3.5 கிலோவைத் தாண்டுவது அரிது. இந்தியன் ஸ்பிட்ஸின் சிறிய வகையே 5 முதல் 7 கிலோ வரை இருக்கும். குட்டி வாங்கும்போது தாய் நாயின் அளவைப் பார்த்துவிட்டால் விலையில் ஏமாற வேண்டியதில்லை.

வீட்டாரிடம் ஒட்டிக்கொள்ளும் இந்த நாய், கேட்டருகே காலடிச் சத்தம் கேட்டாலே குரைத்துத் தீர்த்துவிடும். அப்போது அதட்டினால் நாமும் சேர்ந்து குரைப்பதாக எண்ணி அது இன்னும் வேகம் கொள்ளும். குரைப்பை நிறுத்திய நொடியில் ஒரு துண்டு தின்பண்டம் கொடுத்துப் பழக்குவதே பலன் தரும்.

கோடை வந்ததும் பலர் செய்யும் காரியம், ரோமத்தை ஒட்ட மழித்துவிடுவது. இது தேவையற்றது மட்டுமல்ல, கெடுதலும்கூட. உள்ளே பஞ்சு போன்ற குட்டை ரோமமும் வெளியே நீண்ட ரோமமுமாக இரண்டு அடுக்குகள் உள்ளன. வெளியடுக்கு தோலில் வெயில் நேரடியாகப் படாமல் காக்கிறது, மழித்தபின் அது பழையபடி வளராமலும் போகலாம். வெக்கையைத் தணிக்க, உதிர்ந்து உள்ளே சிக்கிய ரோமத்தை அகற்றினால் போதும். வாரம் மூன்று முறை, ஒரு கையால் மேல்ரோமத்தை விலக்கிப் பிடித்துக்கொண்டு, தோலருகிலிருந்து வெளிநோக்கிச் சீவ வேண்டும். காதின் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, பின்தொடை ஆகிய இடங்களில்தான் சிக்கு விழும். மாதம் ஒருமுறை குளிப்பாட்டினால் போதுமானது. ஆனால் அடிரோமம் வரை உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

வெயில் ஏறுமுன் நடைக்குக் கூட்டிச் செல்லுங்கள். புறங்கையை ஐந்து நொடி வைத்திருக்க முடியாத தார்ச்சாலையில் பாதம் வெந்துவிடும்.

உடல் பருத்தால் முழங்கால் சில்லு எளிதில் நழுவும் என்பதால் பிஸ்கட்டைக் குறைக்க வேண்டும். வெங்காயம் நாய்க்கு நஞ்சு; அது சேர்ந்த குழம்புச் சோற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

மூன்று மாத வயதில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும். இந்த அடர்ந்த ரோமத்தில் உண்ணி கண்ணில் படாது; விரலிடுக்கையும் காதின் உட்புறத்தையும் தினமும் தடவிப் பாருங்கள். காய்ச்சலோடு ஈறு வெளுத்து, உணவையும் ஒதுக்கினால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.