நம்பர் கொடுத்தால் போதாது, கூடப் போகணும்

முசிறி பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். சில வருடங்களுக்கு முன் எங்கள் அறிவிப்புப் பலகையில் 1098, 14416, 104 என்று மூன்று உதவி எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். அடுத்த வருடம் பெற்றோர் கூட்டத்தில், யாராவது கூப்பிட்டுப் பேசினீர்களா என்று கேட்டேன். ஒருவரும் இல்லை. பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா மட்டும், "அது போலீசுக்குக் கம்ப்ளெயின்ட் கொடுக்கிற நம்பர்னுல்ல நெனச்சோம் டீச்சர்" என்றார்.

குடி, போதை, மனக்கஷ்டம் என்று தவிக்கும் பிள்ளையையும் வீட்டாரையும் உதவியிடம் கொண்டுசேர்ப்பது பற்றி அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். ஆசிரியராகவோ பள்ளி மேலாண்மைக் குழுவிலோ இருப்பவர்களுக்கு உதவும்.

முதல் வேலை, அந்த எண்களுக்கு நீங்களே ஒருமுறை பேசிப் பாருங்கள். 14416 என்பது டெலி மானஸ், மனநல உதவிக்குப் பேசும் எண். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். 14446 குடி, போதைப் பழக்கத்துக்கென்றே உள்ள எண். 104 நம் மாநிலத்தின் மருத்துவ உதவி எண். பிளஸ் டூ ரிசல்ட் நேரத்தில் இதிலும் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்வார்கள். 1098 குழந்தைகளுக்கு ஆபத்து என்றால். நான் 14416க்குக் கூப்பிட்டது ஆராய்ச்சிக்காக இல்லை. அந்த மாதம் எனக்கே தூக்கம் வரவில்லை. ஆனால் அதனால் பெரிய லாபம் கிடைத்தது. "நானும் பேசியிருக்கேன்க்கா, பேசுனதும் கொஞ்சம் லேசா இருந்துச்சு" என்று ஒரு தாயிடம் சொன்னால், பலகையில் ஒட்டிய எண்ணுக்கு ஒரு முகம் வந்துவிடுகிறது.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். பையன்கள் 'கூல்' என்று சொல்லும் புகையிலைப் பையை உதட்டுக்குள் ஒதுக்கி வைத்திருந்தான். பிடித்தோம். ஆசிரியர் அறைக்கு அப்பாவை வரவழைத்தோம். ஐந்து பேர் முன்னால் அவர் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அடித்தார். டிசி கொடுத்துவிடுவோம் என்று எங்களில் ஒருவர் வேறு சொல்லிவைத்தார். அடுத்த வாரம் அவன் வாழைத்தார் லோடு ஏற்றப் போய்விட்டான். இரண்டு தடவை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். வரவில்லை. அவனுக்கு அந்தப் பழக்கம் இருந்தது உண்மை. அவனைத் துரத்தியது நாங்கள்.

அதனால் இப்போது யாரையும் கடிதம் கொடுத்து வரவழைப்பதில்லை. பஸ் பாஸ், வங்கிப் புத்தகம், சைக்கிள் என்று ஏதாவது வேலையாக அம்மாவோ பாட்டியோ பள்ளிக்கு வருவார்கள். அப்போது வேப்பமரத்தடித் திண்ணையில் உட்கார வைப்பேன். தலைமை ஆசிரியர் அறை வேண்டாம். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் நாம், இந்தப் பக்கம் அவர்கள் என்று ஆகிவிடும்.

எடுத்ததும் "உங்க பையன் போதைக்கு அடிமை" என்று தொடங்காதீர்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "ரெண்டு வாரமா நோட்டு எழுதல. வாயை முழுசாத் திறக்க மாட்டேங்கிறான். கீழ் உதட்டுக்கு உள்ள வெள்ளையாத் தடிச்சிருக்கு. பல் வலியாக்கா?" அவ்வளவுதான். அப்புறம் பேசாமல் இருங்கள். இது கஷ்டம். டீச்சர்களுக்கு வாய் சும்மா இருக்காது. ஆனால் அந்த அமைதியில்தான் பாதிப்பேர் பையனை விட்டுவிட்டு வீட்டுக்காரரின் குடியைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார்கள். ராத்திரி தூங்கவிடாமல் சத்தம், பிள்ளை பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுக்கிறான், காலையில் வகுப்பில் தூங்குகிறான். பிள்ளைக்கு என்று தேடிப் போன உதவி அப்பாவுக்கும் வேண்டியிருக்கும், பல நேரம் அந்த அம்மாவுக்கும்.

"மனநல மருத்துவர்" என்றால் எங்கள் ஊரில் பைத்தியத்துக்கு வைத்தியம் என்று பொருள். "தூக்கம் வர, படபடப்பு குறைய ஒரு டாக்டர் இருக்கார்" என்று சொல்லுங்கள். பொய்யில்லையே.

குணசீலம் எங்களுக்குப் பக்கம். மனசு சரியில்லை என்றால் பெருமாள் சன்னதியில் 48 நாள் இருந்து வருவது காலங்காலமான வழக்கம். நானும் முதலில் மூடநம்பிக்கை என்று வாதாடினேன். தோற்றேன், தோற்றதும் நல்லதுதான். அந்தக் கோயிலிலேயே மனநல மறுவாழ்வு மையம் ஒன்று சேர்ந்து இருக்கிறது. கோயிலே மாத்திரையை மறுக்காதபோது நான் ஏன் கோயிலை மறுக்க வேண்டும்? "போயிட்டு வாங்க, மாத்திரையை மட்டும் விட்டுறாதீங்க" என்பதோடு சரி.

குடியை நிறுத்துவது பற்றி வீட்டாருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியவை இரண்டு. பல வருடமாகத் தினமும் குடிப்பவர், காலையிலேயே கை நடுங்குகிறவர், ஒரே நாளில் நிறுத்தினால் ஆபத்து. வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை என்று தொடங்கி இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். ரோஷத்தில் சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்குள் படுப்பதைவிட டாக்டரிடம் காட்டி நிறுத்துவதே பாதுகாப்பு. வலிப்பு வந்தால் யோசிக்காமல் 108. "ஐயப்பனுக்கு மாலை போட்டா 48 நாள் தொடமாட்டாரே, அப்ப அடிமை இல்லைதானே?" என்று கேட்பார்கள். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் என்ன நடக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். சிரித்துவிடுவார்கள், பதில் அந்தச் சிரிப்பிலேயே இருக்கும்.

இரண்டாவது, பஸ் ஸ்டாண்டு சுவரில் விளம்பரம் பார்த்துச் சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் பொடி, மாத்திரை. டைசல்ஃபிராம் மாதிரி, குடியை நிறுத்தக் கொடுக்கும் மருந்து உடம்புக்குள் இருக்கும்போது குடித்தால் வாந்தியோடு நிற்காது. ரத்த அழுத்தம் இறங்கும், நெஞ்சுக்கும் ஆபத்து. குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து அது. குழம்பில் கலந்ததை மூன்று பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மூவரும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள்.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது. எல்லாம் கூடிவந்து கடைசியில் நின்றுபோவது இங்கேதான். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் தாலுகா மருத்துவமனைகளுக்கு மனநல டாக்டர் குறிப்பிட்ட கிழமைகளில் வருவார். (இந்தத் திட்டம் நாட்டில் முதலில் தொடங்கிய சில மாவட்டங்களில் எங்கள் திருச்சியும் ஒன்று. எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.) எந்தக் கிழமை, எத்தனை மணி என்று நீங்களே நேரில் போய்க் கேட்டு வையுங்கள். ஒரு தடவை நான் கேட்காமல் ஒரு அம்மாவை அனுப்பி, டாக்டர் வராத நாளில் அவர் போய்த் திரும்பினார். ஒரு நாள் கூலி போச்சு. அதோடு அவர் போகவே இல்லை.

முதல் தடவை நீங்களோ மேலாண்மைக் குழுவில் யாராவதோ கூடப் போங்கள். ஓபி சீட்டு வாங்கும் வரிசை, எந்த அறை, எங்கே மாத்திரை என்று ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த தடவை அவர்களே போவார்கள். பழைய சீட்டு, தற்போது சாப்பிடும் மாத்திரை அட்டை, ஆதார், தண்ணீர், சாப்பாடு. கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்று முந்தின நாளே பேசிவிடுங்கள். வீட்டுக்காரர் இல்லாமல் தனியாகச் சில விஷயம் சொல்ல வேண்டும் என்று அம்மா டாக்டரிடம் கேட்கலாம், தப்பில்லை என்பதையும் சொல்லுங்கள். அப்பா வரமாட்டேன் என்றால் காத்திருக்க வேண்டாம். அம்மாவும் பிள்ளையும் மட்டும் போகட்டும்.

பிள்ளை "செத்துடலாம் போல இருக்கு" என்று சொன்னால், எழுதினால், மறைமுகமாகப் பேசினால், நேரடியாகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தவறு. அன்றே வீட்டில் பூச்சி மருந்தையும் எலி பேஸ்ட்டையும் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். வாழை, நெல் போடும் வீடுகளில் இவை கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். பிள்ளையைத் தனியே விடாமல், அங்கேயே ஸ்பீக்கரில் 14416 போடுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்பது இதில் கூடாது.

கடை விஷயம். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003 சட்டமே சொல்கிறது. குட்கா நம் மாநிலத்தில் 2013 முதல் தடையில் இருக்கிறது. மருத்துவக் காரணமின்றிக் குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறை. இதை நான் போய்ச் சொன்னபோது கடைக்கார அம்மா முறைத்தார். மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், குழுவில் பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பெண்களில் ஆறு பேர் ஒன்றாகப் போய், "உன் பேரனும் அடுத்த வருஷம் இங்கதானே படிக்கப் போறான்" என்றார்கள். சரம் சரமாகத் தொங்கியது மறுநாள் இல்லை. விற்பனை பஸ் நிறுத்தத்துக்கு நகர்ந்துவிட்டது என்பதும் உண்மை. அங்கே போகத்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.

ரகசியம் காக்கத் தெரியாவிட்டால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஆசிரியர் அறையில் டீ குடிக்கும்போது சொன்னது சாயங்காலத்துக்குள் ஊருக்குள் போய்விடும். நான் பெயர் எழுதுவதில்லை. கணக்கு டைரியில் தேதிக்கு எதிரே ஒரு முக்கோணம் போட்டு வைப்பேன், அடுத்த ஓபி என்று எனக்கு மட்டும் புரியும். முக்கோணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த வீட்டுக்கு ஒரு போன்: "நாளைக்கு டாக்டர் வர்ற நாள்க்கா, ஏழே முக்கால் பஸ்."