கலப்பினச் சைகட் வளர்ப்பது எப்படி: முதல் செடி வாங்குவோருக்கு

சைகட் செடி பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு தடவைதான் புது ஓலை விடும். அந்தச் சமயத்தில் வெயில் கருக்கினாலும் பூச்சி தின்றாலும் அடுத்த வருடம் வரை அந்தக் குறையோடுதான் செடி நிற்கும். இதனாலேயே பலர் இதைக் கஷ்டமான செடி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் கஷ்டம் ஒன்றுமில்லை. தண்ணீர் வடியும் மண்ணும், ஓலை விடும் அந்த நாலு வாரத்துக் கவனமும் இருந்தால் போதும். முதல் செடி கலப்பினமாக இருந்தால் வேலை இன்னும் சுலபம். கலப்பினங்கள் பல நேரம் தாய் தந்தை இரண்டையும்விட வேகமாக வளரும், சின்னத் தவறுகளைத் தாங்கிக்கொள்ளும்.

முதலில் செடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பார்வைக்குப் பனை, ஈச்சை மாதிரி இருக்கும். ஆனால் பனைக்கும் இதற்கும் உறவு கிடையாது. சைகட் பூக்காது, கூம்பு விடும். பைன் மரம் போல இதுவும் திறந்தவிதைத் தாவரம், அதாவது விதை கனிக்குள் மூடியிராத வகை. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. கூம்பு வரும்வரை எது ஆண், எது பெண் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குப் பல வருடம் ஆகும்.

மொத்தம் 10 பேரினங்கள், 350-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. கலப்பு நடப்பது ஒரே பேரினத்துக்குள்தான். சைகஸோடு சைகஸ் சேரும், என்செஃபலார்டோஸோடு என்செஃபலார்டோஸ் சேரும். பெயர் எழுதும்போது தாயின் பெயர் முதலில், நடுவில் பெருக்கல் குறி, பிறகு தந்தையின் பெயர். செடியில் செருகியிருக்கும் சீட்டைப் படிக்க இவ்வளவு தெரிந்தால் போதும்.

எதை வாங்குவது

முதல் செடி என்றால் நான் யோசிக்காமல் சொல்வது சைகஸ் ரெவொலூட்டா × டெபாவோயென்சிஸ். ரெவொலூட்டாவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஹோட்டல் வாசல்களில் வட்டமாக, விறைப்பாக நிற்குமே, அதுதான். டெபாவோயென்சிஸ் சீனாவின் குவாங்ஷி பகுதியைச் சேர்ந்தது. அறிவியல் உலகுக்கு 1997-இல்தான் அறிமுகமானது. அதன் ஓலை பிரிந்து, பிரிந்த கிளையும் மறுபடி பிரிந்து, பெரிய பெரணி மாதிரி விரியும். இரண்டையும் சேர்த்தால் ரெவொலூட்டாவின் உறுதியும், நுனியில் கவையாகப் பிளந்த கீற்றுகளும் ஒரே செடியில் கிடைக்கும். ஓலை ரெவொலூட்டாவைவிட நீளமாக வரும், அதனால் இடம் தாராளமாக விடுங்கள்.

வெயில் காயும், காற்று வறண்ட இடமாக இருந்தால் என்செஃபலார்டோஸ் ஹாரிடஸ் கலப்புகள் அழகு. ஹாரிடஸின் சாம்பல் நீல நிறமும் முறுக்கிய முள் கீற்றுகளும் பிள்ளைகளுக்கும் ஓரளவு வரும். ஓரளவு என்றுதான் சொல்ல முடியும். ஒரே கூம்பின் விதைகளில் ஒன்று நல்ல நீலமாகவும் பக்கத்தில் நிற்பது பச்சையாகவும் இருக்கும். நாற்றாக வாங்காமல், நிறம் தெரிந்த இரண்டு மூன்று வயதுச் செடியாக வாங்குங்கள். அந்த நீலம் ஓலை மேல் படியும் மெழுகுப் பூச்சுதான். அடிக்கடி தேய்த்தால் போய்விடும்.

நட்டாலென்சிஸ் × உட்டி பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. என்செஃபலார்டோஸ் உட்டி என்ற இனத்தில் காட்டில் கண்டுபிடிக்கப்பட்டது ஒரே ஓர் ஆண் மரம்தான். 1895-இல் தென்னாப்பிரிக்காவின் ங்கோயே காட்டில் தாவரவியலாளர் ஜான் மெட்லி உட் அதைப் பார்த்தார். இன்றுவரை பெண் மரம் கிடைக்கவில்லை. உலகத் தோட்டங்களில் இருக்கும் உட்டி எல்லாமே அந்த ஒரு மரத்தின் தண்டுகளிலிருந்தும் பக்கக்கன்றுகளிலிருந்தும் வந்தவை. அதன் மகரந்தத்தை நெருங்கிய உறவான நட்டாலென்சிஸ் பெண்ணுக்கு இட்டு உண்டாக்கியதே இந்தக் கலப்பினம். அதில் பிறந்த பெண் செடிக்கு மறுபடி உட்டி மகரந்தம் இட்டால் பிள்ளைகளில் முக்கால் பங்கு உட்டி இருக்கும். துணையில்லாத ஒரு மரத்தின் வம்சம் இந்த வழியில் நீள்வதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழும். செடி பெரிதாக வளரும், தரையில் நடவேண்டியது.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம். ஒன்று, சட்டம். சைகட் இனங்கள் எல்லாமே, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கின்றன. என்செஃபலார்டோஸ் முழுவதும் அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் வரும். கலப்பினங்களுக்கும் விலக்கில்லை. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுவந்த செடி என்றால் அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். காட்டிலிருந்து தோண்டியெடுத்ததோ என்று சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள். எந்த அழகும் அதற்கு ஈடாகாது.

இன்னொன்று, உடல்நிலை. அடித்தண்டைக் கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்துங்கள். சேனைக்கிழங்கு மாதிரி கெட்டியாக இருக்கவேண்டும். ஓர் இடம் அமுங்கினாலும் வாங்காதீர்கள். அப்புறம் ஓலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

மண் கலவை

சைகட் செத்தால் பெரும்பாலும் அழுகித்தான் சாகும், காய்ந்து சாவது அபூர்வம். தொட்டிக்கு நான் போடுவது மூன்று பங்கு பியூமிஸ் கல் (துளை நிறைந்த லேசான எரிமலைக் கல்) அல்லது பெருமணி பெர்லைட் (சூட்டில் பொரித்த வெள்ளை எரிமலைக் கல் மணிகள்), ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு மக்கிய இலைத்தூள். பியூமிஸ் கிடைக்காவிட்டால் சலித்தெடுத்த கரடுமுரடான மணல் போதும். பொடி மணல் கூடாது, அது இடுக்குகளை அடைத்து நிலைமையை மோசமாக்கும். கலவையைத் தொட்டியில் நிரப்பித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மேலே குளம் கட்டாமல் சில விநாடிகளில் கீழே வழிந்தால் சரி.

தொட்டி அகலத்தைவிட ஆழம் முக்கியம். இளஞ்செடியின் ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும்.

தரையில் நடுவதாக இருந்தால் அரை மீட்டர் ஆழக் குழி வெட்டித் தண்ணீரால் நிரப்புங்கள். ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டால் அங்கேயே நடலாம். நின்றால் குழியை மூடிவிட்டு, 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். குழிக்குள் நல்ல மண்ணைப் போட்டால் தீராது. சுற்றியுள்ள களிமண் கிண்ணம் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதை நான் செடியை வைத்துத்தான் கற்றேன். முதல் ரெவொலூட்டா × டெபாவோயென்சிஸை ஆசை ஆசையாக, குழி நிறைய மக்கிய உரம் கொட்டி நட்டேன். உரம் மக்க மக்க மண் அமிழ்ந்தது, செடியும் கூடவே இறங்கியது. ஒரு மழைக்காலம் முடிந்து நடு ஓலையைத் தொட்டபோது தனியாகக் கையோடு வந்துவிட்டது. தோண்டினால் அடித்தண்டின் ஒரு பக்கம் பழுப்பாகக் குழைந்து புளித்த வாடை. கத்தியை நெருப்பில் காட்டி, பழுப்பு தீர்ந்து வெள்ளைச் சதை தெரியும்வரை செதுக்கினேன். காயத்தில் பூஞ்சைக்கொல்லித் தூளைத் தடவி, ஓலை எல்லாம் வெட்டி, நிழலில் பத்து நாள் காயவிட்டு, வெறும் பெர்லைட்டில் உட்காரவைத்தேன். மறுபடி ஓலை வர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. வந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வருடம் உங்களுக்கு வேண்டாம்.

நடுதல்

வெப்பமான பருவத்தில், குருத்து இன்னும் கிளம்பாத சமயமாகப் பார்த்து நடுங்கள். அடித்தண்டின் பாதியாவது மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். மண் கொஞ்சம் அமிழும் என்று கணக்கிட்டு உயர்த்தியே வையுங்கள்.

தொட்டியிலிருந்து எடுக்கும்போது மேல்மண்ணில் பவளப்பூச்சி கட்டிய கூடு போலக் கொத்துக் கொத்தாக, மேல்நோக்கி வளர்ந்த முண்டுவேர்கள் தெரியலாம். நோய் என்று நினைத்து அவற்றை வெட்டிவிடாதீர்கள். அவை பவளவேர்கள். ஒன்றைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே நீலப்பச்சை வளையம் ஒன்று தெரியும். நாஸ்டாக் போன்ற நீலப்பச்சை நுண்ணுயிர்கள் அங்கே குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன.

தண்ணீரும் வெயிலும்

நனைத்தால் அடிவரை நனையுங்கள், பிறகு மேலே இரண்டு அங்குலம் காயும்வரை காத்திருங்கள். குளிர்காலத்தில் இன்னும் குறைவு. குருத்தின் நடுவில் தண்ணீர் தேங்கவிடாமல் ஓரமாக ஊற்றுங்கள்.

சைகஸ் கலப்புகளுக்குக் காலை வெயிலும் மதிய நிழலும் நல்லது. ஹாரிடஸ் கலப்புகளுக்கு முழு வெயில். நிழல்வலைக்குள் வளர்ந்த செடியை ஒரே நாளில் வெயிலில் வைத்தால் ஓலை வெளுத்துக் கருகும். இரண்டு மூன்று வாரம் எடுத்துப் பழக்குங்கள்.

குருத்து விடும் நாலு வாரம்

இதற்காகத்தான் வருடம் முழுக்கக் காத்திருக்கிறோம். முதலில் நடுவிலுள்ள பழுப்புச் செதில்கள் இளகி விலகும். விரல் வைத்தால் வெல்வெட் மாதிரி இருக்கும். சில நாளில் அதற்குள்ளிருந்து இளம்பச்சை முனைகள் ஒரே வட்டமாக எழும். சைகஸ் வகையில் ஒவ்வொரு கீற்றும் பெரணிக் குருத்துபோலச் சுருண்டிருக்கும், நீள நீள அவிழும். அந்த நாட்களில் காலையில் பார்த்த உயரம் மாலையில் இருக்காது.

அப்போது ஓலை துணிபோலத் துவளும். கெட்டியாகும்வரை தொடாதீர்கள், தொட்டியைத் திருப்பாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். வெளிச்சம் வரும் திசை மாறினால் வளரும் ஓலை அந்தப் பக்கம் வளைந்து, வளைந்தபடியே கெட்டியாகிவிடும். நிழலான மூலைக்குப் போனால் ஓலை நீண்டு கீற்றுகள் விலகி மெலிந்து நிற்கும். இந்த நாட்களில் மட்டும் மண் முழுக்கக் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தினம் காலை ஒரு நிமிடம் குருத்தைக் குனிந்து பாருங்கள். சைகட் குருத்தில் முட்டையிடும் ஒரு சிறிய நீல வண்ணத்துப்பூச்சி உண்டு, சிலாடிஸ் பண்டவா என்று பெயர். அதன் புழுக்கள் சில நாட்களில் மொத்தக் குருத்தையும் மொட்டையாக்கிவிடும். புழு கண்ணுக்கு எளிதில் படாது. எறும்பு வரிசை படும், புழு சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைச் சுற்றியே இருக்கும். குருத்தில் எறும்பு கண்டால் உடனே தேடிக் கையால் எடுத்துப் போடுங்கள். ஓலை கெட்டியாகும்வரை மெல்லிய கொசுவலை போர்த்துவது எனக்குப் பிடித்த வழி.

செதில் பூச்சி

ஓலையின் அடிப்பக்கம் பார்க்கச் சொன்னது இதற்காக. ஆலகாஸ்பிஸ் யசுமட்சுயி என்ற வெள்ளைச் செதில் பூச்சி, தேங்காய்த் துருவல் சிந்தியதுபோல ஒட்டியிருக்கும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து பரவி, குவாம் தீவின் காட்டுச் சைகட்களைப் பெருமளவு அழித்தது. சைகஸ் பேரினத்தை மிகவும் விரும்பும், வேர் வரைக்கும் இறங்கும். ஓலை மேல் மட்டும் மருந்தடித்தால் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். அதிகம் பாதித்த ஓலைகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மிச்சத்துக்குத் தோட்டக்கலை எண்ணெய்க் கரைசலை அடிப்பக்கமும் குருத்தடியும் நனையும்படி வாரம் பத்து நாளுக்கு ஒரு தடவை அடியுங்கள். வெயில் நேரத்தில் அடிக்காதீர்கள். செத்த பூச்சியும் ஒட்டிக்கொண்டே இருக்கும். நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்வது செத்தது, ஈரம் பிசுபிசுத்தால் உயிரோடு இருக்கிறது.

உரம்

நுண்சத்துகள் சேர்ந்த, மெதுவாகக் கரையும் குருணை உரம் வருடத்தில் இரண்டு தடவை போதும். புது ஓலை மஞ்சளாகவும் நுனி சுருங்கிக் காய்ந்ததாகவும் வந்தால் அநேகமாக மாங்கனீசுக் குறை. சுண்ணாம்புத்தன்மை கூடிய மண்ணில் இது சகஜம். மாங்கனீசு சல்பேட் இட்டாலும் கெட்ட ஓலை தேறாது, அடுத்த குருத்துதான் நன்றாக வரும். ஆகவே குருத்துக் காலத்துக்கு முன்பே இடவேண்டும்.

பக்கக்கன்றும் விதையும்

அடியில் பக்கக்கன்று வந்து டென்னிஸ் பந்து அளவு ஆனதும் பிரிக்கலாம். ஓலைகளை வெட்டி, காயத்தை இரண்டு வாரம் ஆறவிட்டு, பெர்லைட்டில் வேர்விட வையுங்கள். பக்கக்கன்று தாய்ச்செடியின் நகல், ஆண் பெண்ணும் அதேதான்.

தோட்டத்தில் ஆணும் பெண்ணும் கூம்பு விட ஆரம்பித்தால் நீங்களே கலப்பினம் உண்டாக்கலாம். ஆண் கூம்பு மகரந்தம் உதிர்க்கும்போது காகிதத்தில் தட்டியெடுத்து, சிலிக்கா ஜெல்லோடு உலர்த்தி ஃப்ரீசரில் வைத்தால் பெண் கூம்பு தயாராகும்வரை தாங்கும். பெண் கூம்பின் செதில்களுக்கிடையே சிறு இடுக்கு திறக்கும் நாட்களில் உலர்ந்த மகரந்தத்தை ஊதிவிடுங்கள், இரண்டு மூன்று நாள் திரும்பச் செய்யுங்கள். மகரந்தம் உள்ளே போய்ப் பல மாதம் கழித்துத்தான் கருவுறும். அங்கே விந்தணு நீந்திப் போகிறது. 1896-இல் ஜப்பானிய ஆய்வாளர் இகெனோ இதைச் சைகஸ் ரெவொலூட்டாவில் கண்டார்.

விதை பழுத்ததும் கையுறை போட்டுக்கொண்டு சதையை நீக்குங்கள். சைகட்டில் எல்லாப் பாகமும் விஷம், விதை மிகவும் விஷம். நாய்களும் குழந்தைகளும் அணுகாத இடத்தில் வையுங்கள். உள்ளே கரு முதிராமல் இருக்கும் என்பதால் சில மாதம் சற்று ஈரமான பெர்லைட்டில் நிழலில் வைத்திருந்து, பிறகு படுக்கவைத்துப் பாதி புதையும்படி விதையுங்கள். சூடு 25 முதல் 30 டிகிரி இருந்தால் நல்லது. மிதக்கும் விதை எல்லாம் பதர் என்று எறிந்துவிடாதீர்கள், சில சைகஸ் இனங்களின் நல்ல விதையே மிதக்கும்.

முதலில் வேர்தான் வரும். ஓலை வர இன்னும் பல வாரம் பிடிக்கும். அதற்குள் அலுமினியத் தகட்டில் தாய் × தந்தை, விதைத்த வருடம் இரண்டையும் பென்சிலால் அழுத்தி எழுதித் தொட்டியில் கட்டிவிடுங்கள். யாருக்காவது நாற்றைக் கொடுத்தால் அந்தத் தகட்டோடு கொடுங்கள். பெயரில்லாத கலப்பினத்தை நாளைக்கு ஒருவர் தூய இனம் என்று நினைத்து, அழிந்துவரும் ஓர் இனத்தின் பெண் கூம்புக்கு அதன் மகரந்தத்தை இட்டுவிட்டால் அந்த வருட விதை அத்தனையும் போய்விடும்.