கருமையான சருமத்தில் கெமிக்கல் பீல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரு ஆறிய இடத்தில் நிற்கும் கருந்திட்டையோ கன்னத்தில் படரும் மங்கு (மெலாஸ்மா) என்ற கருமையையோ போக்குவதற்காக, அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரியச் செய்யும் கெமிக்கல் பீல் செய்துகொண்ட சிலருக்கு, சில வாரங்களில் அந்த இடம் முன்பைவிடக் கறுத்துவிடுவதுண்டு. கருமையான சருமத்திலும் நிறமி செல்களின் எண்ணிக்கை வெளிர்ந்த சருமத்தில் உள்ள அளவுதான். ஆனால் அவை எளிதில் தூண்டப்படுபவை. எரிச்சலோ புண்ணோ எது ஏற்பட்டாலும் அவை தோலுக்கு நிறம் தரும் மெலனினை மிகுதியாக உண்டாக்கிவிடும். ஆகவே, அதிகம் எரிந்தால் அதிகப் பலன், தோல் பாளம் பாளமாக உரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்ற எண்ணமே எல்லாத் தவறுகளுக்கும் வேர்.

தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவீட்டில் நான்கு முதல் ஆறு வரையிலான வகையினருக்கு, அதாவது மாநிறம் முதல் கருமை வரையிலான சருமத்தினருக்கு, மேல்தோலோடு நின்றுவிடும் மென்மையான பீல்களே ஏற்றவை. கிளைகாலிக் அமிலத்தைக் குறைந்த செறிவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதும், சாலிசிலிக் அமிலத்தை 20 முதல் 30 சதவீதத்தில் பயன்படுத்துவதும் வழக்கம். ஆழமாக இறங்கும் ஃபீனால் பீல் இவர்களுக்கு வேண்டவே வேண்டாம். அதிகச் செறிவுள்ள டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தை இணையத்தில் வாங்கி வீட்டிலேயே பூசிக்கொள்வது, என்னைக் கேட்டால், துணிச்சல் அல்ல, விபரீதம்.

நேரத்தைப் பொருட்படுத்தாததும் ஆபத்தானது. கிளைகாலிக் அமிலம் தானாக நிற்காது. குறித்த நேரத்தில் அதன் அமிலத்தன்மையைச் சமன்செய்து கழுவியாக வேண்டும், அதற்கு முன்பே தோல் சிவந்துவிட்டால் அப்போதே நிறுத்திவிட வேண்டும். சாலிசிலிக் அமிலம் பூசியதும் படியும் வெண்மை வெறும் படிகம்தான். ஆனால் டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தில் தோன்றும் வெண்மை தோலின் புரதம் உறைவதன் அடையாளம். இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர் கையில் முகத்தை ஒப்படைக்கக் கூடாது.

பலரும் தாண்டிச் செல்லும் படி, முன் தயாரிப்பு. பீலுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முன்பிருந்தே, மருத்துவர் பரிந்துரைக்கும் ஹைட்ரோகுயினோன் போன்ற பூச்சைப் பயன்படுத்தி, நிறமி செல்களை அடக்கிவைக்க வேண்டும். டிரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகை மருந்தைப் பூசுபவர்கள் பீலுக்குச் சில நாட்கள் முன்னதாக அதை நிறுத்த வேண்டும். இல்லையேல் அமிலம் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இறங்கிவிடும். ஸ்டீராய்டு கலந்த வெண்மை கிரீம்களை நெடுநாள் பூசியவர்களின் தோல் மெலிந்திருக்கும் என்பதால், அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. உதட்டில் அடிக்கடி அக்கி வருபவர்களும் கர்ப்பிணிகளும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உரியும் தோலைப் பிய்ப்பது, தேய்த்துக் கழுவுவது, ஓரிரு வாரத்துக்குள் முகத்தில் வாக்சிங் செய்வது ஆகியவை புதிய கறைக்கு வழிவகுக்கும். குறைந்தது எஸ்பிஎஃப் 30 உள்ள சன்ஸ்கிரீனைப் பூசி, வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் கூடுதல் பயன் தரும்.

கறை ஆழத்தோலில் இருந்தால் மேலோட்டமான பீலை எத்தனை முறை செய்தாலும் பெரிய மாற்றம் வராது. மேல்தோல் கறைக்குக்கூட, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் பல அமர்வுகள் தேவைப்படும். முந்தைய பீலின் சிவப்பு அடங்காத நிலையில் அடுத்ததற்கு நாள் குறிக்கக் கூடாது. அச்சிவப்பு நாட்கணக்கில் நீடித்தால், கறுக்கத் தொடங்கும்வரை காத்திராமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.