அருங்காட்சியகத்தில் பார்த்ததை எழுத்தில் வர்ணிப்பது எப்படி: பூத்துக்குளி, குறும்பர் ஓவியம், ஈமப் பானை

உதகை மைசூர் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ, முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகத்துக்கோ போய்வரும் மாணவர்களின் நோட்டுகளில், நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூவேலைச் சால்வையான பூத்துக்குளியைப் பற்றிப் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "மிக அழகான வேலைப்பாடு. சிவப்பு, கறுப்பு நூல். பாரம்பரியம் மிக்கது." இதைப் படிப்பவருக்குத் துணி கண்ணில் தெரியாது. கோடு எந்தத் திசையில் ஓடுகிறது, சிவப்பு எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது, வெறும் துணி எங்கே விடப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் வந்தால்தான் அது வர்ணனை.

அர்த்தம், சடங்கு, வரலாறு எல்லாம் அடுத்த பத்தியில் வரட்டும். பெயர்ப்பலகையை முதலில் படிக்காதீர்கள். பூவேலை உருவின் பெயர் "எருமைக்கொம்பு" என்று படித்துவிட்ட கண், அந்த வளைவு உண்மையிலேயே வளைவா, படிப்படியாக ஏறும் சின்னச் சதுரங்களா என்று பார்க்காது. இழையை எண்ணிப் போடும் தையலில் முழு வளைவு வராது. கிட்டே போனால் படிகள்தான் தெரியும்.

கையில் வேண்டியவை: பென்சில், கட்டம் போட்ட நோட்டு, ஒரு வெள்ளைத்தாள், சின்ன லென்ஸ். பேனா வேண்டாம், மை தெறித்தால் பொருளுக்குக் கேடு, பல இடங்களில் அனுமதியும் இல்லை. வெள்ளைத்தாள் நிறம் பார்ப்பதற்கு. மலையில் மூடுபனி இறங்கிய நாளில் ஜன்னல் வெளிச்சம் நீலம் பூசியதுபோல் இருக்கும். மஞ்சள் பல்பின் கீழே வெள்ளைத் துணிகூட சந்தன நிறமாகத் தெரியும். அதே வெளிச்சத்தில் தாளைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டால் துணியின் உண்மையான நிறம் பிடிபடும். கண்ணாடிப் பெட்டியில் உங்கள் உருவமே தெரிகிறதென்றால், நேராக நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்து, கையால் மறைத்துப் பாருங்கள். அடர்நிறச் சட்டை போட்டுப் போனால் பிரதிபலிப்பு குறையும். ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தை வைத்து நிறத்தை எழுதாதீர்கள். தையலின் மேடு பள்ளத்தையும் அது தட்டையாக்கிவிடும்.

முதலில் மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். எழுத வேண்டாம். கண் முதலில் எங்கே போய் நிற்கிறது, அங்கிருந்து எங்கே நகர்கிறது என்று மட்டும் கவனியுங்கள். பிறகு கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நுணுக்கம் மறைந்து, அடர்த்தியான பகுதியும் வெளிறிய பகுதியும் மட்டும் மிஞ்சும். இந்த இரண்டையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் பென்சிலால் நிழலிட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒரு மீட்டர். கடைசியில் கண்ணாடிக்குப் பக்கத்தில், லென்ஸோடு.

பூத்துக்குளியில் முதலில் பிரித்தறிய வேண்டியது தறியில் வந்ததையும் ஊசியில் வந்ததையும்தான். சால்வையின் ஓரத்தில் குறுக்கே ஓடும் சிவப்பு, கறுப்புப் பட்டைகள் நெய்யும்போதே வந்தவை. துணியின் தளத்தோடு சமமாக இருக்கும். அந்தப் பட்டைகளை ஒட்டியும் அவற்றுக்கு நடுவிலும் தோடர் பெண்கள் போட்ட பூவேலை துணிக்கு மேலே எழும்பி நிற்கும். துணியை இழுத்துப் பிடிக்கச் சட்டம் மாட்டுவதில்லை, துணியில் மாதிரி வரைவதும் இல்லை. இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போகிறது. நூல் திரும்பும் இடங்களில் இறுக்காமல் சின்ன வளையமாக விட்டுவிடுவதால், நூல் திரும்பும் வரிசைகளில் சொரசொரப்பு கூடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். "தடிப்பான தையல்" என்பதோடு நிறுத்தாமல், எந்த வரிசையில் மேடு, எந்த வரிசையில் தட்டை என்று எழுதுங்கள்.

அடுத்து எண்ணுங்கள். ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவில் எத்தனை உருக்கள்? எல்லாம் ஒரே மாதிரியா, ஒன்றுவிட்டு ஒன்று மாறுகிறதா? இடம் வலமாகத் திருப்பிப் போட்டவையா, அப்படியே நகர்த்தி வைத்தவையா? ஒரு உருவை மட்டும் கட்ட நோட்டில் கட்டத்துக்குக் கட்டம் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் ஆகும். ஆனால் அரைமணி நேரம் வெறுமனே பார்த்தால் கிடைக்காதது கிடைக்கும். குறிப்பாக, சிவப்புக்கு இடையே விட்ட வெள்ளையே ஒரு வடிவமாக நிற்கிறதா என்பது வரையும்போதுதான் தெரியவரும். பலரும் தவறவிடுவது அந்த வெள்ளையைத்தான். நூலைப் பற்றி எழுதிவிட்டுத் துணியை விட்டுவிடுகிறார்கள். (தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதுவும் வரலாற்றுப் பத்திக்குப் போகட்டும்.)

நிறத்துக்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. குங்குமச் சிவப்பு, செங்கல் சிவப்பு, அரக்கு, காவி, தேன்நிறம், பாசிப்பச்சை, கிளிப்பச்சை, மயில்நீலம் என்று ஒவ்வொன்றும் வேறு. சொல்லைத் தேர்ந்த பிறகு இரண்டு கேள்வி: அடர்ந்ததா வெளிறியதா, பளிச்சென்றிருக்கிறதா மங்கியதா? கறுப்பு என்று எழுதும் முன் வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள்; பழைய நூல் பழுப்பாகவோ கருநீலமாகவோ இருக்கலாம். மடிப்புக்குள் மறைந்திருந்த பகுதி மட்டும் பளிச்சென்றிருந்தால், மற்ற இடம் வெயிலில் வெளுத்திருக்கிறது என்று ஊகிக்கலாம். ஊகத்தை ஊகமாகவே எழுதுங்கள்: "வெளுத்திருக்கக்கூடும்."

நீலகிரியின் இன்னொரு பழங்குடியினரான ஆலு குறும்பரின் ஓவியத்தின் முன்னால் கேள்வியே மாறுகிறது. வேங்கை மரப் பிசினிலிருந்து எடுக்கும் பழுப்பு, மண், இலை ஆகியவற்றின் நிறங்களில் வரைவது அவர்களின் மரபு. பாறைத்தேன் எடுக்கும் காட்சி அடிக்கடி வரும். இங்கே கோட்டைப் பின்தொடருங்கள். உடலை ஒரே கோட்டில் இழுத்திருக்கிறார்களா, உள்ளே நிரப்பியிருக்கிறார்களா? கோடு எங்கே தடிக்கிறது, எங்கே நிறம் தேங்கி அடர்கிறது? பிறகு உருவங்களைச் சுற்றியுள்ள வெளி: தரைக்கோடு இருக்கிறதா, ஆட்கள் அந்தரத்தில் நிற்கிறார்களா, ஒருவர் மேல் ஒருவர் மறைக்கிறார்களா? ஆள் பெரிதாகவும் மரம் சின்னதாகவும் இருந்தால் "அளவு தப்பு" என்று எழுதிவிடாதீர்கள். "மரத்தின் உயரம் ஆளின் உயரத்தில் முக்கால்" என்று எழுதினால் போதும். இந்த அளவைக் கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, பெருவிரலால் குறித்து எடுக்கலாம். இடம், வலம் எல்லாம் பார்ப்பவரின் பக்கத்திலிருந்து என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

நீலகிரியில் பழங்கால ஈமச் சின்னங்களான கல்வட்டங்களில் கிடைத்த ஈமப் பானைகளும் அவற்றின் மூடியில் அமர்ந்த எருமை உருவங்களும் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நிறைய உள்ளன. மாவட்டத்தின் முதல் கமிஷனரான பிரீக்ஸ் தோண்டியெடுத்தவை பற்றிய நூல் 1873இல் வந்தது. முப்பரிமாணப் பொருள் என்பதால் வெளிக்கோட்டை முன்புறம், பக்கம் என்று இரண்டு படமாவது வரைந்துகொள்ளுங்கள். மூடி எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது, எத்தனை அடுக்கு, எங்கே இடுப்புபோல் ஒடுங்குகிறது என்று கீழிருந்து மேலாகச் சொல்லுங்கள். எருமையின் கண் குத்திய துளையா, ஒட்டிய மண் உருண்டையா என்று பாருங்கள். நிறம் திடீரென்று மாறி, மேற்பரப்பு வழவழப்பாகும் இடம், உடைந்ததைப் பின்னாளில் சரிசெய்த ஒட்டுவேலையாக இருக்கலாம். அதைப் பழைய வேலைப்பாடாக எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

சால்வைக்கான குறிப்பு இப்படி வரலாம்: "வெளிறிய சந்தன நிறப் பருத்தித் துணி. கீழோரத்தில் குறுக்கே இரண்டு நெய்த பட்டைகள். மேலது செங்கல் சிவப்பு, கீழது கறுப்பு. நடுவில் ஏழு சாய்சதுரங்கள் முனையோடு முனை தொட்டு நிற்கின்றன. ஓரங்கள் படிப்படியாக வெட்டினதுபோல் ஏறி இறங்குகின்றன. ஒவ்வொன்றின் மையத்திலும் தைக்காமல் விட்ட சின்னச் சதுரம். சிவப்பு நூல் துணிக்கு மேல் எழும்பி நிற்கிறது. கறுப்பு நூல் தட்டையாகப் படிந்திருக்கிறது." எட்டே வாக்கியம், "அழகான" என்ற சொல் ஒன்றுகூட இல்லை.

எழுதி முடித்ததும், பொருளைப் பார்க்காத ஒருவரிடம் மெதுவாகப் படித்துக் காட்டி வரையச் சொல்லுங்கள். படத்தையும் பொருளையும் ஒப்பிடுங்கள். சதுரங்கள் தள்ளித் தள்ளி வந்திருந்தால் "தொட்டு நிற்கின்றன" என்பது விட்டுப்போயிருக்கிறது. பட்டை மேலே போயிருந்தால் திசை சொல்லவில்லை. அந்த இடங்களை மட்டும் திருத்துங்கள். கடைசியாக, பக்கத்தின் மூலையில் பொருளின் பதிவு எண், பெயர்ப்பலகையில் உள்ள அளவு, பார்த்த நேரம், பனியா வெயிலா பல்பா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.